கொரங்காட்டுக் கணக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும்

வாசகி ஒருவரின் கடிதம்:

“வணக்கமுங்க. எங்க ஊர் கோபிசெட்டிபாளையத்துக்கு வடக்கே மலையடிவாரத்தில் இருக்குதுங்க. ஊர்ப் பேரைப் போட்டுடாதீங்க. ஊருக்கு மேற்கால, மலையிலிருந்து இறங்கி வர்ற ஓடைப் பள்ளத்தில் எங்க பாட்டன் காலத்துத் தடுப்பணை ஒண்ணு இருக்குது. அதுக்குக் கீழே பாறையும் குட்டையுமா ஒரு தண்ணித் தேக்கம். நாங்க துணி தொவைக்கறதும் குளிக்கறதும் அங்கதான். கரையில் கன்னிமார் சாமி. ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஆரோ ஒரு பையன் வீடியோ எடுத்துப் போட்டதிலிருந்து சனி, ஞாயிறானா வேலிகளுக்கு நடுவால போற இட்டேரி பூராவும் காரும் பைக்குமா நிக்குது. இந்த ஆடியில் நடக்கவே வழியில்லை. கிளுவை வேலியை ஒடிச்சு வண்டியைத் திருப்பறாங்க. மஞ்சக்காட்டில் பீர் பாட்டிலை ஒடைச்சுப் போட்டுட்டுப் போறாங்க. களை எடுக்கப் போன பொம்பளைக்குக் கால் கிழிஞ்சு நாலு தையல். அதே சமயம் எங்க சின்னம்மா பணியாரக் கடை போட்டு, ஞாயித்துக்கிழமை ஒரு நாள்ல ஒரு வாரக் கூலியைப் பார்த்துடறாங்க. ஊர்ல பாதிப் பேர் வழியை அடைச்சுடலாங்கறாங்க. மீதிப் பேர் சுற்றுலா நிதி கேட்டு எழுதி, கார் நிறுத்தம், உயர்கோபுர விளக்கு, காட்சிக் கோபுரம் எல்லாம் கட்டலாங்கறாங்க. நான் மகளிர் குழுவில் கணக்கு எழுதறவ. நீங்க சுற்றுலாத் திட்டம் எழுதறதையே தொழிலாப் பண்றவர்னு கேள்விப்பட்டேன். எங்க பள்ளம் ஒரு நாளைக்கு எத்தனை பேரைத் தாங்கும்னு ஒரு எண்ணு மட்டும் சொல்லுங்க. கிராம சபையில் வெச்சுடறோம்.”

அம்மிணி, வணக்கம். அம்மிணி என்று எழுதுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காங்கயம் பக்கத்துக்காரன் கைக்கு அதுதான் வருகிறது. ஊர்ப் பேரைப் போட வேண்டாம் என்றீர்களே, எத்தனையோ பஞ்சாயத்துகளுக்கு நான் சொல்லிச் சொல்லியும் காதில் வாங்காத காரியம் அது. பேர் வெளியே போன அடுத்த ஞாயிறே இன்னும் ஐம்பது வண்டி வரும். அந்த வீடியோக்காரப் பையனைத் தேடிப் பிடித்து, சண்டைக்குப் போகாமல், இடக் குறிப்பை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். மஞ்சள் காட்டில் கால் கிழிந்தவரின் படத்தை அவருடைய சம்மதத்தோடு காட்டினால் நிச்சயமாக எடுப்பார்கள்.

எண் கேட்டீர்கள். எண்ணுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் எங்கள் அப்பாருவின், அதாவது தாத்தாவின், மேய்ச்சல் நிலமான கொரங்காட்டுக்குள் ஒரு நடை போய்விட்டு வரலாம்.

எங்கள் பக்கத்துக் கொரங்காட்டை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், உள்ளே போக ஒரு கடவு, அதைச் சாத்த ஒரு படல். பெரிய காடாக இருந்தால் நாலைந்து துண்டாகப் பிரித்து, ஒன்றில் மேயவிட்டு மற்றதைத் தழையவிடுவார்கள். “இந்தக் காடு எத்தனை மாடு தாங்கும் அப்பாரு?” என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அவர் ஒரு நாளும் எண் சொன்னதில்லை. குனிந்து புல்லின் அடித்தூரைக் காட்டுவார். மேலே தழை போனால் பரவாயில்லை, தூர் தெரிய ஆரம்பித்தால் அன்றைக்கே மாட்டை அடுத்த துண்டுக்கு மாற்றிப் படலைச் சாத்திவிட வேண்டும். மழை நன்றாகப் பெய்த வருஷம் அதே காட்டில் ஆறு உருப்படி நிற்கும். வறண்ட வருஷம் மூன்றுக்கே திணறும். ஆட்டை விட்டால் கணக்கே வேறு, அது தூர்வரைக்கும் கடித்துவிடும்.

இதை ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சுற்றுலாத் திட்டக்காரர்கள் ‘தாங்குதிறன்’ என்று பெரிய வார்த்தையாகச் சொல்கிறோமே, அது மேய்ச்சல் நிலத்திலிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் புல்வெளியில் எத்தனை கால்நடை விடலாம் என்று போட்ட கணக்கை, காட்டுக்குள் நடக்க வரும் மனிதர்களுக்கும் போட முடியுமா என்று பார்த்தார்கள். 1964-ல் ஆலன் வாகர் என்பவர் அதை ஆராய்ந்து எழுதினார். போகப் போக அவருக்குப் புரிந்தது, நிலத்தை மட்டும் அளந்து விடை வராது, அந்த இடம் எதற்காக இருக்க வேண்டும் என்று மனிதர்கள் நினைக்கிறார்கள் என்பதையும் சேர்த்தால்தான் வரும் என்பது. மாட்டுக்குப் புல் ஒன்றுதான் வேண்டும். மனிதன் ஒருத்தன் குளிக்க வருவான், ஒருத்தன் குடிக்க வருவான், ஒருத்தி கன்னிமாருக்கு விளக்குப் போட வருவாள்.

இனி எண்ணைப் போட்டே காட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் நழுவுகிறேன் என்று நினைப்பீர்கள். மிகுவேல் சிஃபுவென்டஸ் என்பவர் 1992-ல் எழுதிவைத்த முறை ஒன்று உண்டு. இன்றைக்கும் பல திட்ட அறிக்கைகளில் அதைத்தான் கையாளுகிறார்கள். உங்கள் பாறை மேடையைக் கயிறு பிடித்து அளந்து 400 சதுர மீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 4 சதுர மீட்டர் என்றால் ஒரே நேரத்தில் 100 பேர். காலை 8 முதல் மாலை 4 வரை 8 மணி நேரம், ஒருவர் 2 மணி நேரம் இருப்பார் என்றால் நாலு சுற்று, ஆக ஒரு நாளைக்கு 400 பேர். இதற்கு மேல் கழித்தல். பாதிப் பாறை பாசி வழுக்கல் என்றால் 200. கழிப்பறை, குப்பை, காவல் இவற்றைப் பார்க்க ஊரால் பாதிக் கூட்டத்துக்குத்தான் முடியும் என்றால் 100. தீர்ந்தது கணக்கு. கிராம சபையில் ‘100’ என்று எழுதிவிடலாம்.

ஆனால் ஆளுக்கு 4 சதுர மீட்டர் என்று நான் எங்கிருந்து எடுத்தேன்? பண்ணாரி அம்மன் கோயில் தீமிதித் திருவிழாவான குண்டம் நோம்பியில் அந்த இடத்தில் பத்துப் பேர் நிற்பார்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். துணி துவைத்துக் குளித்துக் கரையேறும் ஒரு பெண்ணுக்கு 40 சதுர மீட்டரில் அந்நியன் ஒருத்தன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாலே அது கூட்டம்தான். ஆக, நாம் உள்ளே போட்டதுதான் வெளியே எண்ணாக வருகிறது. இந்தத் தொழிலில் இருந்துகொண்டு இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

1985-ல் அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்டான்கி, டேவிட் கோல் முதலானோர் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். எத்தனை பேர் வரலாம் என்று கேட்காதே, இந்த இடம் எவ்வளவு மாறினால் பொறுத்துக்கொள்வோம், எதற்கு மேல் பொறுக்க மாட்டோம் என்று கேள் என்றார்கள். அந்த எல்லைக்கு ஓர் அடையாளம் வை, அடையாளத்தை மாதாமாதம் பார், எல்லையைத் தொட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வை. எங்கள் அப்பாரு புல்லின் தூரைப் பார்த்ததும் இதுவேதான், அறிக்கை மட்டும் எழுதவில்லை.

உங்கள் ஊருக்கு என்ன அடையாளம் வைக்கலாம்? உட்கார்ந்து பேச வேண்டியவர்கள் நீங்கள். பேச்சை ஆரம்பித்துவைக்க என் மனதுக்குப் பட்டதைச் சொல்கிறேன். இட்டேரியில் ஊர் முனையிலிருந்து தடுப்பணை வரைக்கும் திங்கட்கிழமை விடியால ஒரு ஆள் நடந்து, கண்ணில் பட்ட கண்ணாடிச் சில்லை எண்ணுவது. வேலி எத்தனை இடத்தில் ஒடிந்திருக்கிறது என்று பார்ப்பது. கரையில் புல் போய் மண் தெரிகிற பட்டையின் அகலத்தை, ஒரே மரத்திலிருந்து ஒரே திசையில் கயிறு பிடித்து மாதம் ஒருமுறை அளப்பது. ‘இந்த வாரம் பயமில்லாமல் குளிக்கப் போனேன்’ என்று குழுவில் எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பது. இந்தக் கடைசி அடையாளத்தைப் பார்த்து அதிகாரிகள் சிரிக்கலாம், சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு அதுதான் முதல் வரிசையில் இருக்க வேண்டியது.

தண்ணீருக்கும் ஓர் அடையாளம் வேண்டும். குடிநீர்த் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சி கொடுத்துப் பெட்டி ஒன்றும் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. அந்தப் பெட்டியில் சின்னக் குப்பிகள் இருக்கும். குறித்த அளவு தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கழிவு கலந்த தண்ணீர் கறுத்துவிடும். தடுப்பணைக்கு மேலே ஒரு குப்பி, கீழே ஒரு குப்பி, வெள்ளிக்கிழமை ஒரு தடவை, ஞாயிறு சாயங்காலம் ஒரு தடவை எடுங்கள். மேலேயும் கறுத்தால் குற்றவாளி சுற்றுலாக்காரன் மட்டுமல்ல, ஆடு மாடும் காட்டு விலங்கும்கூட. வெள்ளிக்கிழமை கறுக்காத கீழ்க் குப்பி ஞாயிறன்று கறுத்தால் வாதத்துக்கே இடமில்லை. உறுதிப்படுத்திக்கொள்ள மாவட்டத் தலைநகரில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது.

கால் பட்டுத் தேய்வதில் ஒரு சூட்சுமம் உண்டு. வருகிறவர்கள் இரண்டு மடங்கானால் கேடும் இரண்டு மடங்காகும் என்று தோன்றும். நிலத்தில் அப்படி நடப்பதில்லை. யாரும் மிதிக்காத புல்லில் முதலில் நடக்கும் கொஞ்சம் பேர்தான் பெரும்பங்கு கேட்டைச் செய்துவிடுகிறார்கள். ஏற்கெனவே தேய்ந்து இறுகிப்போன தடத்தில் இன்னும் நூறு பேர் நடந்தாலும் புதிதாகக் கெடுவது கொஞ்சம்தான். அதனால் ‘கூட்டத்தைப் பரப்பி விடுங்கள்’ என்று யாராவது யோசனை சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். பள்ளத்துக்கு இறங்க ஒரே தடம், உட்கார ஒரே பாறை, மற்றதெல்லாம் அடைப்பு. இப்போது நாலு பக்கமும் இறங்குகிறார்கள் என்றால் மூன்றில் முள்ளை வெட்டிப் போடுங்கள், ஒரு மழைக்காலத்தில் புல் மூடத் தொடங்கிவிடும். கன்னிமார் கோயில் பக்கம் அடைபடுகிற மூன்றில் ஒன்றாக இருக்கட்டும்.

இனி அந்தக் கார் நிறுத்தம், உயர்கோபுர விளக்கு, காட்சிக் கோபுரம். இதில் என் கை சுட்ட கதை ஒன்று இருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால், வேறொரு மாவட்டத்தில், உங்கள் ஊரைப் போலவே ஓர் அருவிக் கிராமத்துக்குத் திட்டம் எழுதும் வேலை வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரே நாள் நின்று வண்டிகளை எண்ணினேன். ரோட்டில் நெரிசல், ஆகவே பெரிய நிறுத்தம் வேண்டும் என்று எழுதினேன். வழுக்குகிறது, ஆகவே சிமெண்ட் படி. இருட்டாக இருக்கிறது, ஆகவே விளக்கு. எல்லாவற்றையும் கட்டினார்கள், எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த ஆடியில் போய்ப் பார்த்தால் நிறுத்தம் நிறைந்து, ரோட்டில் பழையபடியே நெரிசல். விளக்கு வந்ததால் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பிய கூட்டம் ராத்திரி ஒன்பது வரைக்கும் உட்கார்ந்து குடித்தது. படி வந்ததால் துணி துவைக்கிற கல் போய்விட்டது. ஒரு பாட்டி என்னிடம், “படம் வரைஞ்சது நீங்கதானுங்களா?” என்றார். ஆமாம் என்றேன். “எங்களெ எங்கீங்க அதுல வரைஞ்சீங்க?” என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

ஆகையால் விளக்கு வேண்டவே வேண்டாம். உங்களுடையது சத்தியமங்கலம் காட்டை ஒட்டிய பகுதி. 2013-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட, சுமார் 1,400 சதுர கிலோமீட்டர் காடு அது. பொழுது சாய்ந்தால் அந்தத் தண்ணீர் யானைக்கும் மானுக்கும் உரியது. திம்பம் மலைப்பாதையில் ராத்திரிப் போக்குவரத்துக்கு 2022 பிப்ரவரியில் தடை வந்ததும் ரோட்டில் அடிபட்டுச் செத்த விலங்குகளால்தான். நாலு மணிக்கு மேல் யாரும் பள்ளத்தில் இருக்கக் கூடாது என்பது உங்கள் முதல் விதியாக இருக்கட்டும். அதே மாதிரி விடியாலயிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் ஊர்க்காரர்களுக்கு மட்டும். காட்சிக் கோபுரத்தைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை. தடுப்பணையைப் பார்க்கக் கோபுரம் எதற்கு?

கார் நிறுத்தம் வேண்டும், ஆனால் வேறு மாதிரி. கொரங்காட்டுக்குப் படல் எதுவோ, உங்கள் பள்ளத்துக்குக் கார் நிறுத்தம் அது. எத்தனை வண்டிக்கு இடம் வைக்கிறீர்களோ அத்தனை வண்டிதான் கூட்டம். அதனால் கூட்டத்தை அளந்து நிறுத்தத்தைக் கட்டாதீர்கள், நிறுத்தத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அதுவும் பள்ளத்தின் கரையில் வேண்டாம். இட்டேரி தொடங்குவதற்கு முன்னால், தார் ரோட்டை ஒட்டி யாராவது ஒருவரின் மேட்டுக்காட்டில் வைத்து, அங்கிருந்து நடக்கவிடுங்கள். கோவைக் குற்றாலத்தில் சாடிவயலிலேயே சொந்த வண்டிகளை நிறுத்திவிட்டு வனத்துறை வண்டியில் ஏறிப் போய், இறங்கி நடக்க வேண்டியிருக்கிறதே, அதே தத்துவம். ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்றாலே, பீர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் வேறு இடம் பார்ப்பார்கள். தண்ணீரைப் பார்க்க வந்தவர்கள் நடப்பார்கள். இட்டேரியில் கௌதாரி கத்துவது அவர்களுக்கும் கேட்கட்டும்.

பரளிக்காட்டுக்கு ஒரு தடவை குழுவில் நாலு பேர் போய்விட்டு வாருங்கள். காரமடைக்கு மேற்கே, பில்லூர் அணை நீர்த்தேக்கத்தில், வனத்துறையும் பழங்குடி மக்களும் சேர்ந்து நடத்துவது. வாரக் கடைசியில், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் பரிசல் பயணம், மத்தியானம் அந்த ஊர்ப் பெண்கள் சமைத்த சாப்பாடு. வருகிறவர் எண்ணிக்கை முன்னாலேயே தெரிவதால் சோறு மீறுவதில்லை, பரிசல் பற்றாமல் போவதில்லை, பணம் சமைத்தவர் கைக்கும் பரிசல் ஓட்டியவர் கைக்கும் போகிறது. இதை அப்படியே உங்கள் ஊரில் நட முடியாது. அது வனத்துறை வழி, கதவு அவர்கள் கையில். உங்களுடையது ஊர் வழி. ஆனாலும் சமைக்கிற அக்காக்களோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் என் அறிக்கை பத்து படித்ததற்குச் சமம்.

நம் ஊரில் விருந்தாளிக்கு ஒறம்பரை என்று பேர். ஒறம்பரை வந்தால் திண்ணையில் உட்கார வைக்கிறோம், தண்ணீர் கொடுக்கிறோம், சோறு போடுகிறோம். ஆனால் ஒறம்பரை நேராகச் சமையற்கட்டுக்குள் போய் அடுக்குப் பானையைத் திறந்து பார்ப்பதில்லை. வீட்டுக்காரர் எங்கே காட்டுகிறாரோ அங்கேதான் உட்காருவார். உங்கள் ஊருக்கு ஞாயிறன்று வருகிறவர்கள் இன்னும் ஒறம்பரை ஆகவில்லை, ஏனென்றால் அவர்களை வாங்க என்று சொல்ல வாசலில் யாருமே நிற்கவில்லை. நிறுத்தத்தில் மகளிர் குழுவில் இரண்டு பேர், இளவட்டத்தில் இரண்டு பேர் நில்லுங்கள். “வாங்க, எங்கிருந்து வர்றீங்க?” என்று கேட்ட பிறகு அந்த ஆள் பாட்டிலை உடைப்பது கஷ்டம். கேள்வி கேட்டவர் முகம் ஞாபகத்தில் இருக்கும்.

பாட்டிலுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையேறுகிறவர்களின் பைகளை அடிவாரத்தில் வனத்துறையினர் சோதிப்பார்கள். தண்ணீர் பாட்டிலில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு, இறங்கி வரும்போது பாட்டிலைக் காட்டினால் திருப்பிக் கொடுப்பார்கள். மதுக்கடையில் காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தரும் திட்டமும், உயர் நீதிமன்றம் சொல்லி 2022-ல் நீலகிரியில் தொடங்கிப் பிறகு மற்ற மாவட்டங்களுக்கு வந்தது. காரணம் உங்கள் காரணமேதான், அங்கே யானைக் காலில் கண்ணாடி. உங்கள் நிறுத்தத்தில் கண்ணாடி பாட்டில் எதுவானாலும் வண்டியிலேயே இருக்கட்டும், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் என்று வைத்துப் பாருங்கள். தூக்கியெறியும் பிளாஸ்டிக்கில் 14 வகைக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்கத் தடை இருக்கிறது, அதனால் தட்டு, டம்ளர், கேரி பைக்கு நீங்கள் புது விதி போட வேண்டியதில்லை.

எந்த ஞாயிறு கூட்டம் பொங்கும் என்று உங்களால் முன்கூட்டியே சொல்ல முடியும். யோசித்துப் பாருங்கள்: பவானிசாகர் அணையில் உபரி நீர் திறந்து, கீழே கொடிவேரித் தடுப்பணையில் குளிக்கத் தடை போட்ட நாட்கள்தானே? கொடிவேரிக்கு என்று திருப்பூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் கிளம்பி வந்தவர்கள், தடுப்பைப் பார்த்ததும் போனில் ‘பக்கத்தில் அருவி’ என்று தேடுவார்கள். ஓர் இடத்தில் கதவைச் சாத்தினால் கூட்டம் கரைந்து போவதில்லை, அடுத்த கதவுக்கு நகர்கிறது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. முதலில் யார், எத்தனை வண்டி என்று எண்ணத்தான் செய்தார்கள். 2025 ஏப்ரலில் தொடங்கிய கோடைக்குத்தான் நீதிமன்றம் வரம்பு வைத்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்துக்கும் உள்ளூர் வண்டிக்கும் விலக்கு. கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன், உங்கள் சின்னம்மாவுக்கும் அதே பயம் இருக்கும். ஆனால் எண்ணிவிட்டு வரம்பு வைத்த வரிசை சரி என்பது என் கட்சி. கொடிவேரியில் தண்ணீர் திறப்பு அறிவிப்பு வந்த அன்றே உங்கள் நிறுத்தத்தில் ஆள் இருக்க வேண்டும்.

அதே நாட்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இங்கே வெயில் அடிக்கும், மலைக்கு மேல் மழை கொட்டும், பள்ளத்தில் வெள்ளம் முன்னறிவிப்பு இல்லாமல் வரும். உங்களுக்குத் தண்ணீரின் நிறம் மாறினாலே தெரிந்துவிடும், திருப்பூர்ப் பையனுக்குத் தெரியாது. கலங்கல் வந்தால் எல்லாரையும் கரையேற்றிவிட வேண்டும், பேச்சுக்கே இடமில்லை.

வழியை அடைத்துவிடலாம் என்கிற பாதிப் பேருக்குப் பதில்: முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நில விவரம் இருக்கும் ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பாருங்கள். இட்டேரி வண்டிப்பாதையாகப் பதிவாகியிருந்தால் ஊர் அடைக்க முடியாது, அடைத்தால் உங்கள் மேல் வழக்கு வரும். தடுப்பணையும் குட்டையும் ஓடைப் புறம்போக்கா, காப்புக்காட்டு எல்லைக்குள்ளா என்பதும் முக்கியம். காட்டு எல்லைக்குள் என்றால் அனுமதியில்லாமல் உள்ளே போவதே குற்றம், அப்போது வனச்சரக அலுவலரையும் சேர்த்துக்கொண்டுதான் எதையும் செய்ய முடியும், உங்கள் பாதி வேலையும் சுலபமாகிவிடும். புறம்போக்கு என்றால் நீர்வளத்துறையோ வருவாய்த்துறையோ பஞ்சாயத்தோ, யார் கையில் என்று தெரிந்துகொள்ளுங்கள். இளவட்டங்கள் வழியில் கயிறு கட்டி ‘நுழைவுக் கட்டணம்’ வசூலிக்க ஆரம்பித்துவிட்டார்களா? கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, ஆனால் இந்தக் கட்டத்தில் எல்லா ஊரிலும் அது நடக்கும் என்பதால் கேட்கிறேன். அதை உடனே நிறுத்துங்கள். சொந்தப் பட்டா நிலத்தில் வண்டி நிறுத்த வாடகை வாங்குவது வேறு, பொதுத் தண்ணீரைப் பார்க்கக் காசு வாங்குவது வேறு. முதலாவதைக் குழு குத்தகைக்கு எடுத்து ரசீது போட்டுச் செய்யலாம்.

அந்த வாடகையில் முதல் செலவு கழிப்பறை, பள்ளத்திலிருந்து தள்ளி, நிறுத்தத்திலேயே. இரண்டாவது, திங்கட்கிழமை குப்பை பொறுக்குகிறவருக்குக் கூலி. இலவசமாகச் செய்வார்கள் என்று எந்தத் திட்டத்திலும் எழுதாதீர்கள். மூன்று மாதம் செய்வார்கள், நாலாவது மாதம் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கும். மூன்றாவது, வேலி ஒடிந்த தோட்டக்காரருக்கு நஷ்ட ஈடு. இந்த மூன்றாவதை விட்டுவிட்டால் ஊர் இரண்டாகப் பிளக்கும். கடை வைத்தவருக்கு வரும்படி, காடு வைத்தவருக்குக் கண்ணாடிச் சில்லு என்றால் யார் பொறுப்பார்கள்?

அரசு உத்தரவு வந்தால்தான் விதி நிற்கும் என்று யாராவது சொன்னால் ஈரோட்டுக்குப் பக்கத்து வெள்ளோட்டைக் காட்டுங்கள். பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் எத்தனையோ வருஷமாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. 2022-ல் அந்த ஏரிக்கு, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்கிற ராம்சர் அங்கீகாரம் வந்தது. பட்டாசை விட்டது அதற்கு ரொம்ப முன்னாலேயே.

சின்னம்மாவின் பணியாரக் கடை எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. பள்ளத்தின் கரையில் என்றால் நிறுத்தத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். வருகிறவர்கள் போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது பசியோடு ஒரு தடவை அந்த வழியாகத்தான் வர வேண்டும், வியாபாரம் குறையாது. பாக்கு மட்டைத் தட்டும் வேண்டாம், அதுவும் வேலியோரம்தான் பறக்கும். எவர்சில்வர் தட்டில் கொடுத்துக் கழுவி வைக்கட்டும். தட்டைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர் இன்னும் ஒரு ஈடு வாங்குவார்.

அடுத்த கிராம சபை அக்டோபர் 2. அதற்கு முன்னால் உங்களுக்கு நாலு ஞாயிறு கிடைக்கும். கணக்கு எழுதுகிறவர் நீங்கள், அதனால் கேட்கிறேன்: ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் காலை 8 முதல் மாலை 6 வரை, மணிக்கு எத்தனை கார், எத்தனை பைக், எந்த ஊர்ப் பதிவெண். எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை மணி நேரம் இருந்தார்கள். மறுநாள் சில்லு எண்ணிக்கை, ஒடிந்த வேலி, குப்பியின் நிறம். குழுவில் யார் யார் குளிக்கப் போனார்கள், யார் யார் போகாமல் திரும்பினார்கள். நாலு பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். எத்தனை வண்டிக்கு நிறுத்தம் என்கிற எண்ணை அப்போது சேர்ந்தே போடுவோம். அக்டோபர் 2-ல் அதைத் தீர்மானமாக வைத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ‘ஓராண்டுக்கு மட்டும், அடுத்த ஆடிக்குப் பிறகு மறுபடி பார்க்கப்படும்’ என்ற வரியும் அதில் இருக்கட்டும்.